நட்சத்திரம் வாங்கிய என் வாக்கியங்கள்

உப்பளம், புதுச்சேரி
பங்குனி, 2004

மரியாதைக்குரிய மச்சான் சாமிக்கண்ணு அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் சக்கரபாணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. பாரீசில் குளிரும் தங்கள் முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என நம்புகிறேன். இங்கு மூவரும் நலம். நலம் என்றுதான் எழுதினேன், பேசிக்கொள்கிறோம் என்று எழுதவில்லை. தங்கள் தங்கை செல்வாம்பாள் மாசி மாதத்திலிருந்து என்னோடு பேசுவதில்லை.

காரணம் ஒரு வஞ்சிரம். வைத்திக்குப்பத்தில் மீன்காரம்மா சின்னப்பாப்பாவிடம் அதற்கு விலை பேசிய செல்வாம்பாள், கட்டாது என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள். பின்னாலிருந்து கூப்பிடுவார்கள், திரும்பி வந்து குறைத்து வாங்கவேண்டும், அதுதானே முறை. நானோ சின்னப்பாப்பா வாயைத் திறப்பதற்குள், சொன்ன விலையை அப்படியே கொடுத்து மீனைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று முதல், "உங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்பதுகூட மகள் பூர்ணிமா வழியாகத்தான் எனக்கு வந்து சேர்கிறது.

பூர்ணிமா பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிப்பது தாங்கள் அறிந்ததே. அதில் தொடரியல் என்று ஒரு பாடம். ஒரு வாக்கியத்தை எடுத்து, வேர் மேலும் கிளை கீழுமாக மரம் வரைகிறாள், நான் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்ததற்கு அதட்டுகிறாள். வீட்டில் இருப்பவர்களிடம் வாக்கியங்களைச் சொல்லி, சரியா தப்பா என்று கேட்காமல், "இப்படிப் பேசுவீங்களா?" என்று மட்டும் கேட்டு வரும்படி அவள் பேராசிரியர் சொன்னாராம். பொதுப்பணித் துறையில் கடிதம் எழுதியே தலை நரைத்தவன் சும்மா இருப்பேனா? நானே ஒன்று சொன்னேன்: "மேற்படி மீனை வாங்கிய மேற்படி நபர் அதனை மகிழ்வுடன் உட்கொண்டார்."

பூர்ணிமா சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, இப்படிப் பேசுவாங்களா?" என்றாள்.

"யாரு பேசுவா?" என்று பதில் வந்தது.

உடனே என் வாக்கியத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டாள். அடுத்ததற்கும் போட்டாள், அதற்கடுத்ததற்கும் போட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடற்கரையில் நடக்கும்போது, கூட நடக்க வரும் நண்பன் பலராமனிடம், "உனக்கு பிரெஞ்சு பட்டாளத்துல மெடல் குடுத்தாங்க, எனக்கு யுனிவர்சிட்டியில ஸ்டார் குடுக்குறாங்க" என்றேன். அந்த மனுஷன் அன்று சாயங்காலமே வாழ்த்துச் சொல்ல கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

பூர்ணிமா விழித்தாள். "அங்கிள், யாரும் பேசாத வாக்கியத்துக்குத்தான் ஸ்டார் போடுவோம்!"

சமையலறையில் ஒரு சிரிப்பு கேட்டது, மச்சான். பலராமன் எதிரில் மானம் போனதுதான், ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கேட்டதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதுதான் சமயம் என்று பூர்ணிமா அடுத்த வாக்கியத்தை எடுத்துவிட்டாள்: "'தப்பு என் மேலதான்.' இப்படிப் பேசுவீங்களா?"

"தாராளமா பேசலாம்" என்றேன்.

"இந்த வீட்டுல அவர் வாயால நான் கேட்டதே இல்ல. ஸ்டார் போடு" என்றாள் செல்வாம்பாள்.

போட்டுவிட்டாள்! ஆகவே மச்சான், தாங்கள் ஞாயிற்றுக்கிழமை அவசியம் போன் செய்து, தங்கள் தங்கைக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லவேண்டும். மீன் விஷயத்தில் என் மேல் துளியும் தப்பில்லை என்பதை அழுத்திச் சொல்லவும். அவள் குரல் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை, இதை மட்டும் அவளிடம் சொல்லிவிட வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் எல்லாச் செல்வமும் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
சக்கரபாணி

பி.கு.: போன் வேண்டாம். இந்தக் கடிதத்தை ஒட்ட ஒரு பருக்கை சோறு கேட்கலாம் என்று சமையலறை வாசலில் போய் நின்றவன், சோற்றை மறந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். நட்சத்திரத்தை அழிக்க பூர்ணிமா ரப்பரோடு ஓடி வந்தாள். செல்வாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "இன்னொரு தடவ சொல்லுங்க, சரியா காதுல விழல."