நிதானமாகச் செய்த சபதம்

கோபக்காரர்களால் பெரிய தொல்லை எதுவும் கிடையாது. கத்துவார்கள், கதவை அறைந்து சாத்துவார்கள், சாயங்காலம் ஒரு தட்டுப் பலகாரத்தோடு வாசலில் வந்து நிற்பார்கள். நாம் பயப்பட வேண்டியது தனக்குக் கோபமே வராது என்று சொல்லிக்கொள்ளும் இனத்தைப் பார்த்துத்தான். ஜெருசலேமில் எங்கள் சந்தைக்குப் பின்தெருவில் மட்டும் இந்த இனத்தார் ஒரு பஸ் கொள்ளுமளவு தேறுவார்கள்.

அடையாளம் காண்பது சுலபம். உள்ளே கொதிக்கக் கொதிக்கக் குரல் தாழ்ந்துகொண்டே போகும். கைத்துண்டை நாலாக மடிப்பார்கள். "நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லல" என்று ஆரம்பிப்பார்கள். அந்த வாக்கியம் முடிவதற்குள் ஒரு வேலையோ, ஒரு நட்போ, கூடப் பிறந்த உறவோ முடிந்துபோயிருக்கும்.

மூக்குக் கண்ணாடிக் கடை ஹனன்யாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமாபுரி ஞானிகளுக்குப் பாதி, எங்கள் யூதப் பெரியவர்களுக்குப் பாதி என்று மனசை வாடகைக்கு விட்டிருப்பவர். நம் கையில் இல்லாததற்குக் கலங்கக் கூடாது என்று அவர்கள் சொன்னதையும், கோபம் வந்தவனை விட்டுப் புத்தி போய்விடும் என்று இவர்கள் சொன்னதையும், பார்வை சோதிக்க வந்தவன் பலகையில் இரண்டு வரி படிப்பதற்குள் சொல்லி முடித்துவிடுவார். அன்று ஜெருசலேமில் நம் கோயிலை இடித்த ரோமர்களிடமா ஞானம் கேட்கிறீர் என்று சீண்டினால், "இடிச்சது பட்டாளம், சொன்னது ஞானி" என்பார். நிதானமாக.

இப்படிப்பட்டவர் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விருந்தில், மருமகன் காலேவ் வீட்டு மேசையில், கோபத்தை அடக்குவது எப்படி என்று விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, காலேவ் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, சூப்பு ஆறிப்போகுது."

ஹனன்யா கைத்துண்டை நாலாக மடித்தார். இனி இந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று, ஆண்டவன் பெயரால், மிக மெல்லிய குரலில் சபதம் செய்தார். நிறைமாதக்காரியான மகள் பெனினா அழுததுகூட அவரை அசைக்கவில்லை. அசைந்தால் என்ன ஞானி?

பிறந்தது ஆண் குழந்தை. எட்டாம் நாள் விருத்தசேதனச் சடங்கில் பிள்ளையை மடியில் ஏந்தும் கௌரவம் தாத்தா ஹனன்யாவுக்கு. பெனினா இன்னும் படி இறங்க முடியாததால் சடங்கு காலேவ் வீட்டில்தான். சபதத்தை அவிழ்க்காமல் போக முடியாது. எங்களில் அதற்கு வழி உண்டு: மூன்று பேர் நீதிபதிகளாக உட்கார்ந்து காரணம் கேட்பார்கள்; கோபத்தில் சொன்னதென்றோ, சொன்னதற்கு வருந்துவதாகவோ ஒப்புக்கொண்டால் விடுவிக்கலாம். ஆகவே எட்டாம் நாள் காலை ஜெபம் முடிந்ததும் ஜெபக்கூடத்திலேயே கசாப்புக்கடை பெரேட்ஸும், தையற்காரர் ஷல்தியேலும், நானும் உட்கார்ந்தோம். ஹனன்யா எதிரே நின்றார்.

"கோபத்துல சொன்னேன்னு சொல்லுய்யா. ஒரு நிமிஷத்துல முடிச்சிரலாம்" என்றார் பெரேட்ஸ்.

"கோபமா? எனக்கா? முழு நிதானத்துல சொன்னது."

"நிதானமா சொன்னா அது நிக்கும். சரி, வருத்தப்படுறியா?"

"நடந்து முடிஞ்சதுக்கு வருத்தப்படுறது அறிவாளிக்கு அழகில்ல."

"ரோமாபுரி ஞானம் ரெண்டு கதவையும் சாத்திடுச்சு" என்றார் ஷல்தியேல்.

"பொறக்கப்போறது பேரன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனா?" என்றார் ஹனன்யா.

"பின்னாடி நடந்ததைக் காரணம் காட்டக் கூடாது, உனக்கே தெரியும். அன்னிக்கு உன் மண்டைக்குள்ள என்ன இருந்துச்சு, அதைச் சொல்லு" என்றார் பெரேட்ஸ்.

ஹனன்யா கைத்துண்டை எடுத்து நாலாக மடித்தார். பேரன் மடியை விட்டுப் போகலாம், கோபமே வராதவர் என்ற பேர் போகலாமா? அந்த நேரம் அவர் மனைவி திர்ஸா வாசலில் வந்து நின்றாள்.

"முடிஞ்சுதா, இல்லையா? அங்க காலேவோட அப்பா நாற்காலில உக்காந்து ஒத்திகை பாக்கறாரு. மடியில தலகாணிகூட வச்சாச்சு."

"அந்த ஆளா?" தெருவில் போனவர்கள் நின்று பார்க்கும் அளவுக்கு ஹனன்யாவின் குரல் எழும்பியது. "பிள்ளையப் பிடிக்கத் தெரியுமாய்யா அவனுக்கு? எல்லாம் அந்தக் காலேவ் பயலால வந்தது. பத்துப் பேர் முன்னாடி சூப்பு ஆறுதுங்கறான். அன்னிக்கு எனக்குக் கோபம் தலைக்கேறிச்சு, போதுமா? வாயைத் தொறந்திருக்கவே கூடாது நான்."

கோபமும் வந்தது, வருத்தமும் வந்தது. அவர் மூச்சு வாங்குவதற்குள் நாங்கள் மூவரும் ஒரே குரலில், அவர் மனசு மாறிவிடுமோ என்ற பயத்தில் சற்று வேகமாகவே, "அவிழ்ந்தது, அவிழ்ந்தது, அவிழ்ந்தது" என்று சொல்லி முடித்தோம்.

பிள்ளையை நன்றாகவே ஏந்தினார். சடங்கு முடிந்து மீனும் ரொட்டியும் பரிமாறியபோது, எப்படி மனசு மாறினீர்கள் என்று யாரோ கேட்க, "ஆற அமர யோசிச்சு எடுத்த முடிவு" என்றார். திர்ஸா அவரைப் பார்த்தாள், பேரனைப் பார்த்தாள், அவர் தட்டில் ரொட்டியை எடுத்து வைத்தாள்.

நீங்கள் இந்த இனத்தில் சேர்ந்தவரில்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் அதைச் சொல்லும்போது உங்கள் குரல் ஏன் இவ்வளவு தாழ்ந்துபோகிறது?