ஐந்து வீடுகளும் ஒரு பால்காய்ச்சியும்

அந்தக் காலத்தில் நாகர்கோவிலில் வாடகை வீட்டில் இருந்த அத்தனை குடும்பங்களும் ஒரே ஒரு மனிதரின் உத்தரவின் பேரில்தான் குடியிருந்தன. திருவிதாங்கூர் மகாராஜாவுக்குக்கூட அவ்வளவு செல்வாக்கு கிடையாது. மகாராஜா ஒன்று சொன்னால் நாலு பேர் முணுமுணுக்கவாவது செய்வார்கள். பால்காய்ச்சி சொல்லிவிட்டால் மறுபேச்சு இல்லை, பாயைச் சுருட்ட வேண்டியதுதான்.

நிஜப் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். தபால்காரர்கூட "பால்காய்ச்சி, நாகர்கோவில்" என்று வந்த கடிதத்தைக் கொண்டுபோய்ச் சரியாகக் கொடுத்துவிடுவார். கொடுக்கத்தான் கொஞ்சம் ஓட வேண்டியிருக்கும், ஏனென்றால் மனிதர் ஓரிடத்தில் நிற்கமாட்டார். காலையில் வடசேரி, பத்து மணிக்குக் கோட்டாறு, மத்தியானம் ஒழுகினசேரிப் பாலம். சாயா குடிக்கும்போதுகூடக் கடையைச் சுற்றி நடந்துகொண்டே குடிப்பார். கிளாஸை வாங்குவதற்குக் கடைக்காரரும் பின்னாலேயே போவார்.

தொழில் வீடு பிடித்துக் கொடுப்பது. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் பேர் பெற்றது பாலில். எந்த வீடு ஆனாலும் புது அடுப்பில் முதல் பால் காய்ச்சும்போது அவர் இருக்க வேண்டும். அடுப்புக் கூட்டுவதும் அவரே. குந்தி உட்கார்ந்து, மூன்று செங்கலை வைத்து, தள்ளி, திரும்ப வைத்து, பானையை ஏற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பால் கிழக்கே பொங்கி வழிந்தால், "வீடு கொள்ளாம்." மேற்கே வழிந்தால் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். "வேண்டாம். ஒத்துக்கிடாது." அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்காரரும் வாயைத் திறக்கமாட்டார். பாலோடு யார் சண்டை போட முடியும்?

நான் கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கியது நாற்பத்தெட்டில். கல்லூரியில் சரித்திரம் நடத்த வேலை. கல்யாணமாகி மூன்றே மாதம். ஆரல்வாய்மொழி சவுக்கையில், அதாவது சமஸ்தானத்து எல்லைச் சுங்கச் சாவடியில், என் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்த சேவகர், மேலாக இருந்த கல்யாணப் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்து, "பெண்ணு எங்க சாரே?" என்று கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்த கேள்வி, ஒரு வருஷம் ஓயவில்லை.

கல்லூரி ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். அந்த ஊரில் எல்லாம் கிடைக்கும். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் மூன்று வேளையும் கிடைக்கும். ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டு மழைக்காலம் கிடைக்கும். நம்மைவிட மூத்த மாணவர்கள் கிடைப்பார்கள், நாம் வகுப்புக்குள் நுழைந்தால் "புதுசா சேந்தியா மக்கா?" என்று அன்போடு நகர்ந்து பெஞ்சியில் இடம் தருவார்கள். தனி ஆளுக்கு வீடு மட்டும் கிடைக்காது.

"குடும்பத்தக் கூட்டிட்டு வாங்க, சாவியத் தாறேன்" என்பார் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்காரரும். கோவில்பட்டியில் என் மாமனார் அதையே தலைகீழாகச் சொன்னார். "வீடு பிடிச்சு, பால் காய்ச்சிட்டு எழுதுங்க மாப்ளே. செல்லத்த அனுப்பி வைக்கேன்." வீடு இல்லாமல் மனைவி இல்லை, மனைவி இல்லாமல் வீடு இல்லை. நான் மெஸ்ஸின் மாடி அறையில் ஐந்து பேரோடு படுத்துக்கொண்டு, கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் பால்காய்ச்சியிடம் போனேன். போனேன் என்பது தப்பு, ஓடினேன். மணிமேடை அருகில் பிடித்து, மூச்சிரைக்க என் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் மீனாட்சிபுரம் வந்துவிட்டது.

"பெஞ்சாதிக்கு என்ன வயசு சாரே?"

"பத்தொம்போது."

"கூட யாரு இருப்பா?"

"யாரும் இல்ல. நானும் அவளும்தான்."

"நீங்க காலேஜுக்குப் போயிட்டா?"

"தனியாத்தான் இருக்கணும்."

நடந்துகொண்டிருந்தவர் ஒரு நொடி நின்றார். நின்றதை நானே பார்த்தேன். "ம்" என்றார். மறுபடி நடந்தார். "வீட்டுக்காரங்கிட்ட நான் பேசிக்கிடுகேன். குடும்பம் பின்னால வருதுன்னு சொன்னா எம்பேச்சுக்குத் தருவான். சமாதானமா இருங்க."

சமாதானமாக இருப்பதாவது! முதல் வீடு வடசேரியில். ஓடு புதுசு, பின்னால் கிணறு, வாசலில் மாமரம். செல்லத்துக்கு மனசுக்குள்ளேயே கடிதம் எழுதிவிட்டேன். பால் காய்ச்சினோம். மேற்கே போயிற்று. இரண்டாவது ஒழுகினசேரியில், ஆற்றங்கரை. சன்னலைத் திறந்தால் குளுகுளுவென்று காற்று. பால் மேற்கே. மூன்றாவது மீனாட்சிபுரத்தில். வீட்டுக்காரர் தங்கமான மனிதர், நாங்கள் போன அன்றைக்கே மூன்று தடவை வந்து சௌக்கியம் விசாரித்தார். பால் அவரையும் மதிக்கவில்லை. நாலாவது கோட்டாற்றில் ஒரு மச்சு வீடு. மேலே ஏறி நின்றால் மலை தெரியும். நான் கையைக் கூப்பிக்கொண்டு பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கே!

"ஓய், நீரு பாக்கதெல்லாம் மேக்கதான் போவுது!" என்று கத்தினேன். மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

"சவத்த விடுங்க சாரே. வேற பாப்போம்" என்று அவர் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

என்னோடு வேலை பார்த்த பௌதிக விரிவுரையாளர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். "பால் பொங்கறது ஆவியழுத்தத்தால ஐயா! திசையாவது மண்ணாவது!" அவரும் குடும்பஸ்தர், கிருஷ்ணன்கோவிலில் ஒரு வீட்டுக்கு ஆசைப்பட்டுப் பால்காய்ச்சியைக் கூப்பிட்டார். பால் மேற்கே போயிற்று. மறுநாள் பார்த்தால் பௌதிகம் பழைய வீட்டிலேயே இருந்தது. "வீட்ல சம்மதிக்கலே" என்றார், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு.

செல்லத்தின் கடிதங்கள் ஆரம்பத்தில் நாலு பக்கம் வரும். வடசேரிக்குப் பிறகு இரண்டு பக்கமாயிற்று. ஒழுகினசேரிக்குப் பிறகு ஒரு பக்கம். கோட்டாற்றுக்குப் பிறகு கார்டு வந்தது. அதில் நலம், நலமறிய ஆவல்கூடக் கிடையாது. "வீடு?" என்று ஒரே சொல். வகுப்பில் பானிப்பட்டு யுத்தத்தை நடத்தும்போது மொகலாயர்கள் மேற்கே போனார்கள் என்று சொல்லித் தொலைத்தேன்.

சித்திரை பிறந்ததும் மாமனாரிடமிருந்து கடிதம். "அடுத்த வாரம் செல்லத்தோடு நானே வருகிறேன். என் கண் முன்னால் பால் காய்ச்சுங்கள். சரிப்பட்டால் விட்டுவிட்டுப் போகிறேன். இல்லாவிட்டால் பெண்ணை அழைத்துக்கொண்டு மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். நீங்களும் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து நம் பருத்திக் கடையில் உட்காரலாம்." கடிதத்தைப் பால்காய்ச்சியிடம் காட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கியது.

அவர் வாங்கிப் படித்தார். "கிருஷ்ணன்கோவில் வீடு ஒண்ணு உண்டும். வரச் சொல்லுங்க" என்றார்.

"அது பௌதிகத்தாருக்கு மேக்க போன வீடுல்லா?"

"அது அவரு பாலு. இது உங்க பாலு."

மாமனார் வந்தார். பின்னால் செல்லம், கையில் தூக்குச்சட்டி, பத்து மாதத்துக்கு அப்புறம் நான் பார்க்கும் முகம். அவள் என்னைப் பார்க்காமல் வீட்டைத்தான் பார்த்தாள். வீட்டுக்காரர், அக்கம்பக்கத்தார், சங்கதி தெரிந்து வேடிக்கை பார்க்க வந்த பௌதிகத்தார் எல்லோரும் அடுப்படி வாசலில் கூடிவிட்டார்கள்.

பால்காய்ச்சி வழக்கம்போலக் குந்தினார். செங்கலில் கை வைத்தார்.

"நீங்க எந்திரிங்க" என்றார் மாமனார். "எம் மவ வாழப்போற வீடு. அடுப்ப நான்தான் கூட்டுவேன்."

"நம்ம கை ராசியான கையாக்கும் அண்ணாச்சி..."

"எங்கையும் ராசிதான். எந்திரிங்க."

பால்காய்ச்சியின் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. அந்த மனிதருக்கு வேர்த்து நான் பார்த்தது அன்றுதான், ஊர் முழுக்க வெயிலில் நடக்கிறவர். மாமனார் செங்கலை வைத்தார், பானையை ஏற்றினார். செல்லம் பாலை ஊற்றினாள். அந்த அடுப்படித் தரை, பாத்திரம் கழுவுகிற அங்கணத்துப் பக்கம், மேற்கே, லேசாகச் சரிந்திருந்தது. எங்களுக்கு அது தெரியாது. பால்காய்ச்சிக்குத் தெரியும்.

பால் நுரைத்தது, ஏறியது, சரசரவென்று மேற்கே வழிந்தது.

மாமனார் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "செல்லம், தூக்குச்சட்டிய எடு. அஞ்சு மணிக்கு பஸ் இருக்கு."

"அண்ணாச்சி, நில்லுங்க!"

பால்காய்ச்சிதான். மடியை அவிழ்த்து எதையோ எடுத்து மாமனார் முன்னால் நீட்டினார். நாலணாக் காசு அகலத்துக்கு ஓர் ஓட்டுச் சில்லு, கரி படிந்து கறுப்பாக இருந்தது.

"இத கெழக்குச் செங்கலுக்கு அடியில வச்சா பாலு மேக்க போவும். மேக்க வச்சா கெழக்க போவும். பதினாறு வருசமா இந்தச் சில்லாக்கும் பாலு காய்ச்சுது. சாமி இல்ல, ஒரு எளவும் இல்ல."

கூட்டத்தில் "ஆ!" என்று ஒரு சத்தம். பால்காய்ச்சி யாரையும் பார்க்கவில்லை, மாமனாரைப் பார்த்தே மளமளவென்று கொட்டினார்.

"வடசேரிக் கெணறு மாசியில வத்திரும். இந்தப் பிள்ள கொடத்த எடுத்துட்டு மூணு தெரு நடக்கணும். ஒழுகினசேரியில ஐப்பசி மழைக்கு ஆறு அடுப்படிக்குள்ள வரும். மீனாட்சிபுரத்தான் பகல் பூரா வந்து கதவத் தட்டிட்டே இருப்பான், பெஞ்சாதி செத்தவன். கோட்டாத்து வீட்டுல ஏணி. நாளைக்கு வாயும் வயிறுமா இருந்தா எப்பிடி ஏறுவா? இதெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொன்னா எவன் எங்கிட்ட சாவி தருவான்? பாலு சொன்னா எவனும் கோவப்படமாட்டான். அதுக்குத்தான்."

"இந்த வீடு?" என்றார் மாமனார்.

"கெணறு கோடையிலயும் வத்தாது. பக்கத்து வீட்டுல டீச்சரம்மா, ஒரு சத்தம் கொடுத்தா ஓடி வருவா. அவசரம்னா நெய்யூர் ஆசுபத்திரிக்குப் போற பஸ் முக்குல நிக்கும். அந்த டீச்சரம்மா குடிவரட்டும்னு ரெண்டு மாசமா உங்க மவளுக்குப் பொத்தி வச்சிருந்தேன். மூணு பேரு கேட்டான். மூணு பேருக்கும் பால மேக்க விட்டேன்."

"அடப்பாவி, அதுல ஒண்ணு என் பால்!" என்று பௌதிகத்தார் அலறினார். "சாய்வுக் கோணம்! எனக்குத் தோணாமப் போச்சே!"

யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரரின் முகம் கடுகடுவென்று இருந்தது. பால்காய்ச்சிக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள் இந்தச் சங்கதி கோட்டாறு வரை போய்விடும், நாளையிலிருந்து எவனும் அவரை வாசலில் ஏற்றமாட்டான். தெரிந்துதான் சொன்னார். யாருக்காக? அன்றைக்கு முதன்முதலாக முகம் பார்த்த ஒரு பெண்ணுக்காக. அந்த மனிதரையா ஏணிப்படியில் வைத்துக் கத்தினோம் என்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

செல்லம் பானையை இறக்கினாள். மிஞ்சியிருந்த பாலில் சர்க்கரை போட்டு ஆற்றி, முதல் தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அப்பாவைத் தாண்டினாள், என்னையும் தாண்டினாள்.

"குடிங்க அண்ணாச்சி."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். செல்லம் திரும்பினாள்.

"அப்பா, நீங்க அஞ்சு மணி பஸ்ஸுக்குப் புறப்படுங்க. நான் இங்கதான் இருக்கப்போறேன்."

மாமனார் மகளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்து, "அங்கணத்துப் பக்கம் தரைய சமமாக்கச் சொல்லுங்க மாப்ளே" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த சம்மதம். நாங்கள் அந்த வீட்டில் பதினோரு வருஷம் இருந்தோம். கிணறு ஒரு கோடையிலும் வற்றவில்லை. பிள்ளைகள் இரண்டும் நெய்யூரில்தான் பிறந்தன.

பால்காய்ச்சிக்கு அந்தக் கோடை பொல்லாத கோடை. வீட்டுக்காரர்கள் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சாயாக்கடையில் பையன்மார் சில்லு எங்கே என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் கேட்காத மாதிரி நடந்துகொண்டே இருந்தார். ஆனி மாதம் கல்லூரி திறந்தது. என்னைப் போலவே டிரங்குப் பெட்டியும் முழித்த முழியுமாகப் புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். வீடு எங்கே பிடிப்பது என்று எங்கள் வாசலில் வந்து கேட்டவர்களை எல்லாம் செல்லம் பால்காய்ச்சியிடம்தான் அனுப்பினாள். அடுத்த ஆனியிலும் அப்படியே, அதற்கடுத்த ஆனியிலும் அப்படியே. குடியிருக்க ஆள் வேண்டிய வீட்டுக்காரர்களும் மெல்ல அவரைத் திரும்ப வாசலில் ஏற்றினார்கள். ஊர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தவர் யாராவது, "அந்த ஆளு பாலுல பித்தலாட்டம் பண்ணுவாராமே அம்மா?" என்று இழுத்தால் அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

"பண்ணுவாருதான்" என்பாள். "நீங்க பாலப் பாக்காதீங்க. அவரு மொகத்தப் பாருங்க."