பத்தாவது ஆறு மாதம்

மதிப்புக்குரிய லிமசோல் சம்பந்தி நியோபித்தோஸ் அவர்களுக்கு, பெண்ணைப் பெற்ற லோயிசோஸ் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவி மிலியாவும் மகள் மருல்லாவும் சுகம். உங்கள் மகன் பந்தெலிஸ் எங்களைவிடச் சுகம். நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது போட்டிருந்த கால்சட்டை இப்போது அவருக்கு முழங்காலுக்கு மேல் ஏறுவதில்லை. தங்கள் வீட்டம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். தாங்கள் போன வாரம் எழுதிய கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொல்வது என் மரியாதை.

புது வருஷத்துக்குள் வீட்டுச் சாவி வரவில்லை என்றால் சம்பந்தம் முறிந்தது, கடற்கரை ஓரமாக இரண்டு மாடி வீட்டோடு ஒரு பெண் தயாராக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெர்லினில் சுவரையே இடித்துவிட்டார்கள், உம்மால் ஒரு முள்கம்பியைத் தாண்டி ஓடு மாற்ற முடியவில்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சம்பந்தி, பெர்லின்காரர்களுக்குச் சுவர் இருந்தது, இடித்தார்கள். எங்களுக்கு இருப்பது சுவர் இல்லை, தவணை. அதை எந்தச் சம்மட்டியால் இடிப்பது என்று லிமசோலில் யாருக்காவது தெரிந்தால் விசாரித்து எழுதுங்கள்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். மருல்லாவுக்குப் பதினோரு வயதானபோது மேல்தெருவில் அவளுக்கு வீடு கட்ட ஆரம்பித்தேன். பெண் பிறந்தால் வீடு கட்டாத அப்பன் இந்தத் தீவில் உண்டா? சுவர் எழும்பி, கூரையும் போட்டு, கதவு மாட்ட வேண்டிய கோடையில் சண்டை வந்தது, தீவை வடக்கு தெற்காகப் பிரித்துக் கோடு போட்டார்கள், மேல்தெரு நடுவில் மாட்டிக்கொண்டது. எங்களுக்கும் இல்லை, வடக்கே இருக்கிற துருக்கியருக்கும் இல்லை, அமைதிப்படையின் நீலத்தொப்பிக்காரர்களுக்கு மட்டும். என் வாசலிலிருந்து முந்நூறு அடி தூரம். பத்து வருஷம் கழித்துத் தாங்கள் பெண் பார்க்க வந்தீர்கள். பாதிரியார் முன்னால் சீர் ஒப்பந்தம் எழுதினோம். அதில்தான் என் தப்பு. அமைதிப்படையின் பணிக்காலம் ஆறு மாதம் மட்டுமே என்று அந்த வாரச் செய்தித்தாளில் போட்டிருந்ததை நம்பி, “மேல்தெரு வீடு, ஆறு மாதத்தில்” என்று நானே வாய்விட்டுச் சொல்லி எழுத வைத்தேன். அறுபத்து நாலில் மூன்று மாதத்துக்கு என்று வந்தவர்கள் அவர்கள் என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோனது. உங்களுக்கும் மறந்துபோனது. பாதிரியாருக்கு மட்டும் ஞாபகம் இருந்திருக்கும், அவர் வாயில் அப்போது ஆட்டுக்கறி இருந்தது.

அதிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜூனிலும் டிசம்பரிலும், நியூயார்க்கில் உலக நாடுகளின் சபை கூடி, அமைதிப்படைக்கு இன்னும் ஆறு மாதம் என்று கை தூக்குகிறார்கள், நான் உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். இந்த வாரமும் தூக்கினார்கள். நிலைமையைக் கவனத்தோடு பரிசீலித்ததாக வானொலியில் சொன்னார்கள். என்னை யாரும் பரிசீலிக்கவில்லை. மிலியா ஒவ்வொரு அறுவடைக்கும் கல்யாணக் கஞ்சிக்கென்று கோதுமை வாங்கி வைக்கிறாள், ஒவ்வொரு வருஷமும் வண்டு தின்கிறது. கல்யாண மெத்தையை மூன்று தடவை பிரித்துத் தைத்தாயிற்று. இந்தத் தடவை தைக்கக் கூப்பிட்டபோது தெருப் பெண்கள், கல்யாணத்துக்கா, இல்லை அந்துப்பூச்சிக்கா என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுத்தார்கள்.

உங்கள் மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிச்சயம் ஆன மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்குவது நம் வழக்கம், அதில் குறை இல்லை. மூன்று மாதத்துக்கு என்று ஒரு பையோடு வந்தார். முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், அங்கிருந்து சமையலறையும் தெரியும், கோழிக்கூடும் தெரியும். நானும் மிலியாவும் முப்பது வருஷமாக எங்கள் சண்டையை நாங்களே போட்டு நாங்களே முடித்துக்கொண்டிருந்தோம். இப்போது குரல் கொஞ்சம் உயர்ந்தால் மாப்பிள்ளை எழுந்து இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நிற்கிறார், நான் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். சண்டை முடிவதும் இல்லை, நடப்பதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்மாவுக்குத் தொலைபேசியில் வாரத்து அறிக்கை. நீலத்தொப்பி ஒன்றுதான் பாக்கி. ஆனால் நல்ல பையன், சம்பந்தி. மருல்லாவின் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுவது அவர்தான். அவள் சிரிப்பதும் அவரிடம் மட்டும்தான். அதனால்தான் இந்தச் சம்பந்தம் முறியக் கூடாது என்று இவ்வளவு கெஞ்சுகிறேன்.

மருல்லாவுக்கு இருபத்தேழு வயதாகிறது. உங்கள் கடிதத்தை அவளுக்குத் தெரியாமல் மறைத்தேன், மாவுப் பானைக்குள்ளிருந்து எடுத்துவிட்டாள். படித்துவிட்டு அழுவாள் என்று நினைத்தேன். கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே சொன்னாள்:

“அந்தச் சபையில எல்லா நாட்டுக்காரனுக்கும் கை தூக்க இடம் இருக்குப்பா. எனக்குத்தான் இல்ல. நீங்களும் மாமாவுமே மாத்தி மாத்தித் தூக்கிக்கிறீங்க.”

அதைக் கேட்டுவிட்டுத்தான் தொப்பியை மாட்டிக்கொண்டு நேராக நீலத்தொப்பிக்காரர்களின் முகாமுக்குப் போனேன். ஒரு மணி நேரம் மேல்தெருவுக்குப் போக அனுமதி கேட்டேன். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாகக் கொடுத்தார்கள். ஏதோ குளிர் நாட்டு அதிகாரி ஒருவர், என் மகளைவிடச் சின்ன வயது, கண்ணிவெடி இல்லாத தடத்தில் முன்னால் நடந்து என்னைக் கூட்டிப்போனார். மொழிபெயர்க்க ஒரு ஆளும் வந்தார்.

“உங்க வீடு எதுன்னு காட்டுங்க ஐயா, படம் எடுத்துத் தர்றேன். சம்பந்திக்கு அனுப்புங்க” என்று அதிகாரி சொல்ல, அந்த ஆள் எனக்குச் சொன்னார். என் கதை முழுவதையும் வழியிலேயே அவரிடம் கொட்டியிருந்தேன்.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றாகப் பாருங்கள். சுவரில் ஒரு விரிசல் இல்லை. கூரையில் நாலு ஓடு மட்டும் நழுவியிருக்கிறது. நீலக் கதவு, பின்னால் காய்த்துத் தொங்கும் எலுமிச்சை. அந்தக் காலத்துக் கல், அந்தக் காலத்துக் கொத்து. ஆள் உள்ளே போக விட்ட மறுவாரமே வெள்ளையடித்து விளக்குப் போட்டுவிடலாம். ஆகவே, சம்பந்தி அவர்களே, வீடு இருக்கிறது, பெண் இருக்கிறாள், உங்கள் பிள்ளையும் அசையாமல் இருக்கிறார். வருகிற ஜூன் வரைக்கும், இன்னும் ஒரே ஒரு ஆறு மாதம், மனது வைத்துத் தவணை கொடுக்க வேண்டும்.

தங்கள் வீட்டம்மாவின் மூட்டுக்கு ஒரு புட்டி சிவானியாச் சாராயம் அனுப்புகிறேன், தடவுவதற்கு. நீங்கள் குடித்துவிட வேண்டாம். எங்கள் ஊர்ப் புனிதர் மாமாஸ் உங்கள் ஆடுகளையும் அடுப்பையும் தலைக்கு மேலே இருக்கிற கூரையையும் காத்து நிற்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
லோயிசோஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மருல்லா படத்தைப் பார்த்துவிட்டாள்.

“அப்பா, இது எமினே வீடு” என்றாள்.

எமினே, பக்கத்து வீட்டு ரமிஸின் மகள். இரண்டு பேரும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் விளையாடுவார்கள். நானும் ரமிஸும் ஒரே வருஷத்தில் கட்டினோம், எங்களைப் பார்த்து அவனும் மகளுக்கென்று கட்டினான். சாரப் பலகை கூட ஒன்றுதான், காலையில் அவனுக்கு, மாலையில் எனக்கு. அந்தக் கோடையில் அவன் வடக்கே போனான்.

என் வீடு இல்லை, சம்பந்தி. சமையலறை இருந்த இடத்தில் ஓர் அத்திமரம் நிற்கிறது, மீதி கற்குவியல். எந்த மழையில் விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. அதிகாரி கேட்டபோது கை தானாக அடுத்த வீட்டைக் காட்டியது. அவர் என்னை அதன் முன்னால் நிற்கச் சொன்னார், நின்றேன். சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். ஓரத்தில் தெரிகிற தொப்பி என்னுடையதுதான்.

ஆகவே மேலே கேட்ட ஆறு மாதம் வேண்டாம். பந்தெலிஸிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் பையை எடுத்தார். மருல்லாவும் ஒன்றை எடுத்தாள். நிக்கோசியாவில் வாடகைக்கு ஓர் அறை பார்த்திருக்கிறார்களாம், போன ஜூனிலேயே. முன்னறை நாற்காலி காலியாக இருக்கிறது. நானும் மிலியாவும் இன்னும் சண்டையை ஆரம்பிக்கவில்லை.

ரமிஸும் வடக்கே எங்காவது உட்கார்ந்து தன் சம்பந்திக்கு இப்படித்தான் எழுதிக்கொண்டிருப்பான். அவன் வீடு நிற்கிறது என்று அவனுக்குச் சொல்ல எனக்கு வழி இல்லை. படத்தை மட்டும் கிழித்துவிடாமல் திருப்பி அனுப்புங்கள். என்றைக்காவது அவன் கையில் கொடுக்க வேண்டும்.