வலது பக்கம் ஓர் அங்குலம்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களின் சமூகத்திற்குத் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் மனைவியும் என் ரத்த அழுத்தமும் நலம். அங்குத் தாங்களும் மாமாவும் தங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தாங்கள் போனில் உத்தரவிட்டபடி, நாம் சிறுவயதில் கட்டிப் பாதியில் விட்ட மரக்கப்பலைப் பரணிலிருந்து இறக்கி, பிழைகளைத் திருத்தி, முடித்தேவிட்டேன் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். "மொதல்ல அந்தக் கப்பலை நேராக்கு, அப்புறம்தான் உன் வீட்டு வாசப்படி மிதிப்பேன்" என்று சொன்னது நீதான். வரச்சொன்ன போதெல்லாம் முழங்கால் என்றாய், பிறகு மழை என்றாய், போன தடவை பூனை குட்டி போட்டிருக்கிறது என்றாய். இனி ஒரு சாக்கும் செல்லாது. டிக்கெட் எடு.

வேலை லேசில் முடிந்தது என்று நினைக்காதே. பரணிலிருந்து இறக்கும்போதே பாய்மரம் கொசுவலைக் கயிற்றில் மாட்டி, கப்பல் என் தலையில்தான் கரை சேர்ந்தது. தூசியைத் துடைத்து மேசையில் வைத்தால், நாம் விட்ட மாதிரியே நிற்கிறது. மருந்துக்கடை மரப்பெட்டிகளை உடைத்து, காலண்டர் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டினோமே, இடது பக்கம் உன்னுடையது, வலது பக்கம் என்னுடையது. கட்டி நிறுத்தினால் வலது பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்து, பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பது போல ஒரே சாய்வு. உன் பக்கம்தான் நெட்டை என்றேன், என் பக்கம்தான் குட்டை என்றாய். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கல்யாணம் முடிந்து நீ காரில் ஏறியபோது எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, நீ மட்டும் கண்ணாடியை இறக்கி, "வலது பக்கம்தான்டா தப்பு" என்று கத்தினாய். மாப்பிள்ளை வீட்டார் பதறிப்போய்க் காரின் வலது சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

சரி, பழைய பசையைக் கழற்ற வேண்டுமே. அடுத்த தெருத் தச்சரிடம் கேட்டேன். "வெந்நீர் ஊத்துங்க சார், தானா விட்டுடும்" என்றார். ஊற்றினேன், விட்டது. வலது பக்கத்தோடு சுக்கானும் கொடிக்கம்பமும் மேல்தளமும் சேர்ந்து விட்டன. பலகையை வளைக்க, என் மனைவி குளிக்க வெந்நீர் வைக்கும் பெரிய பாத்திரத்தில் ஊறப்போட்டு எடுத்தேன். அது தெரியாமல் அந்தத் தண்ணீரிலேயே குளித்துவிட்டு வந்தவள், அன்று முழுக்க வார்னிஷ் அடித்த நாற்காலி போல மணத்தாள், கோபமும் அதே பளபளப்பில் இருந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தியதில் ஒரு பலகை கருகியது. பலகைகளை இறுக்கிப் பிடிக்க, கொடியிலிருந்த கிளிப்புகளை எல்லாம் பிடுங்கிக் கப்பலுக்கு மாட்டினேன். "துணி காயப்போட ஒரு கிளிப் இல்ல, உங்க கப்பல் மட்டும் ஜம்முன்னு காயுது" என்றாள். நடுவில் சுக்கானைத் திரும்ப ஒட்டும்போது என் கட்டைவிரலும் அதோடு ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் காஸ் சிலிண்டர்காரர் மணி அடித்தார். வேறு வழியில்லாமல் கப்பலோடு போய்க் கதவைத் திறந்தேன். அவர் என்னையும் பார்த்தார், கப்பலையும் பார்த்தார். "கையெழுத்துப் போடணும் சார்... அந்தக் கையா?" என்றார். இடது கையால் போட்டேன். இப்போது அது என் கையெழுத்து இல்லை என்று ஏஜென்சியிலிருந்து கூப்பிடுகிறார்கள்.

அக்கா, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வலது பக்கத்துக்குப் புது மரச்சட்டங்கள் அறுக்க, அப்பாவின் தையல் மிஷின் டிராயரில் இருந்த டேப்பை எடுத்து அளந்தேன். அன்று கப்பலுக்கு நாம் அளவெடுத்த அதே டேப். தச்சரிடம் இரவல் வாங்கிய இரும்பு டேப்போ வேறு கணக்குச் சொன்னது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், அப்பாவின் டேப்பில் முதல் அங்குலமே இல்லை! முனை நைந்துபோனதால் கத்தரித்து எறிந்திருக்கிறார், டேப் நேராக ஒன்றிலிருந்து தொடங்குகிறது. புதிது வாங்கச் சொன்னால் "கை பழகிடுச்சு, விடு" என்பாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு சட்டைக்கும் வாய்க்குள்ளேயே "ஒண்ணு கூட்டு, ஒண்ணு கூட்டு" என்று முணுமுணுப்பாரே? நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தவள், உனக்கு அது காதில் ஊறியிருந்தது. நான் கடை மூலையில் பொத்தான் டப்பாவைக் கொட்டி நிறம் பிரித்துக்கொண்டிருந்தவன். நீ ஒன்று கூட்டி அறுத்தாய், நான் கூட்டாமல் அறுத்தேன். என் வாதம் என்னவென்றால், நீ அப்பாவை நம்பினாய், நான் டேப்பை நம்பினேன், இதில் தப்பு என்று யாரைச் சொல்வது? அந்த டேப்பை விரலில் சுற்றிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மிஷின் எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. அழுதேன் அக்கா. இவள் கேட்டதற்குப் பசை நெடி என்றேன். பசை டப்பாவை அன்று நான் திறக்கவே இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

கடைசியில் வலது பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்தி ஒட்டிவிட்டேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தாகிவிட்டது, குமிழி நட்டநடுவில் நிற்கிறது. நிபந்தனை நிறைவேறியது. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பூனைக்கும் குட்டிகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத தம்பி

பி.கு.: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. கடிதத்தை முடித்துவிட்டுக் கப்பலைக் கூடத்து மேசையில் கொண்டுபோய் வைத்தேன். நேராக நின்றது. காய்கறிப் பையோடு உள்ளே வந்த இவள், "இது யார் வீட்டுக் கப்பல்? எங்க வாங்குனீங்க?" என்றாள். சாய்ந்து நின்றவரை அதில் நீ இருந்தாய், நான் இருந்தேன், பக்கத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நேரானதும் ஒருவரையும் காணோம். அதனால் மறுபடி வெந்நீர் வைத்து வலது பக்கத்தைக் கழற்றிவிட்டேன். என் பழைய குட்டைச் சட்டங்களை நல்லவேளையாகத் தூக்கி எறியவில்லை. கப்பல் இப்போது பாதி திறந்து கிடக்கிறது. உன் நிபந்தனைப்படி நீ வர வேண்டியதில்லை. ஆனால் கிளிப்புகளை இவள் திரும்பப் பறித்துக்கொண்டாள். நான் வலது பக்கத்தை ஒட்டும்போது, பசை காயும்வரை யாராவது இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அது உன் பக்கம்.