பேரீச்சம்பழத்துக்கு முந்திய பன்னீர்

கார் வாசலில் வந்து நின்றபோது ஜுவைனாவின் முகமெல்லாம் அடுப்புக் கரி. ரோஜா பறிக்கும் பருவத்தில் ஜபல் அக்தர் மலையில் எந்த வீட்டுப் பெண்ணின் முகம்தான் பளிச்சென்று இருக்கிறது? விடிந்ததிலிருந்து பன்னீர் வடிக்கும் பானைக்கு முன்னால் வெந்துகொண்டிருந்தவள், புதிதாக இறக்கிய பன்னீரில் ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துத் துடைத்தாள். கரி போயிற்று. எரிச்சலும் அடங்கியது. அவசரத்தில் சட்டி சாய்ந்து தோளெல்லாம் நனைந்ததை மட்டும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மலைக்குக் கீழே நிஸ்வா ஊரிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். கல்லூரியில் கூடப் படித்த கைஸைத்தான் கட்டுவேன் என்று மகள் ரய்யா ஒற்றைக்காலில் நின்றாள். இப்போது கைஸின் தாயார் உம் ஹுமைத்தும் மூத்த மருமகள் அஸீலாவும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகம் கோணாமல் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் மகளின் அழுகையை யார் நிறுத்துவது?

ஜுவைனா சிரித்த முகமாக உள்ளே நுழைந்தாள். பேரீச்சம்பழத்தை வாயருகே கொண்டுபோயிருந்த உம் ஹுமைத்தின் மூக்கு விடைத்தது. பழம் தட்டுக்கே திரும்பியது.

"அதுக்குள்ளயா?" என்றார் மெல்ல.

ஜுவைனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. விருந்தாளிக்குப் பன்னீர் தெளிப்பது கடைசியில். தின்று, குடித்து, பேசி முடித்தபின் அது வந்தால், போய் வாருங்கள் என்று பொருள். இவளோ பழம் தின்னுமுன்பே பன்னீர்ச் செம்பு மாதிரி வந்து நிற்கிறாள்.

அதற்குள் மருமகள் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உக்காரும்மா, உக்காரு. இது தெளிக்கறதுக்கு இல்ல, மூஞ்சிக்குப் போட்டது" என்றாள் ஜுவைனா.

"மூஞ்சிக்கா?" உம் ஹுமைத் முன்னால் சாய்ந்து அவள் கன்னத்தை ஆராய்ந்தார். "அதான் இந்த வயசுலயும் வழவழன்னு இருக்கு. என் கன்னத்தப் பாரு, மஸ்கட்ல வாங்கின க்ரீமப் போட்டுப் போட்டு வரட்டியாப் போச்சு. எத்தன வேளை போடுவ?"

பேச்சு சூடு பிடித்தது. அஸீலா மட்டும் ஏனோ வாடிப்போய் உட்கார்ந்தாள். இந்தப் பெண்ணுக்கு என்ன கவலை என்று ஜுவைனாவுக்குப் புரியவில்லை. வாசனையைத்தான் தாங்க முடியவில்லை போலும் என்று நினைத்து ஜன்னலைத் திறந்தாள். நேர் கீழேதான் பானைகள் கொதித்துக்கொண்டிருந்தன. புகையும் ரோஜாவுமாக மலையே உள்ளே வந்து உட்கார்ந்தது.

உம் ஹுமைத்தின் பேச்சு பாதியில் நின்றது. அஸீலா மறுபடி எழுந்தாள்.

"காத்து வரட்டும்னுதான்..." என்று இழுத்தாள் ஜுவைனா. "ரய்யா, கஹ்வா கொண்டா!"

வருங்கால மாமியார் ஆயிற்றே என்று ரய்யா கஹ்வாக் காப்பியில் பன்னீரைத் தாராளமாகவே விட்டிருந்தாள். உம் ஹுமைத் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுலயுமா?"

ஜுவைனா மகளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இந்த வாசத்த அமுக்கற மாதிரி ஏதாவது செய்யேன்டி."

"என்னத்தச் செய்ய உம்மா?"

"எதையாவது பத்த வை. என்னைக் கேக்காத."

ரய்யா பயத்தில் கைக்கு அகப்பட்டதைப் பற்ற வைத்தாள். புகை பொங்கும் தூபக்காலை ஏந்திக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், நேராக உம் ஹுமைத்தின் முன்னால் போய் நின்றாள். பன்னீருக்காவது ஏதேனும் சாக்குச் சொல்லலாம். விருந்தாளியை வழியனுப்பும் தூபக்கால் வந்தபின் அங்கே யாராவது உட்கார்ந்திருப்பார்களா?

உம் ஹுமைத் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வாய்விட்டுச் சொல்றது ஒண்ணுதான் பாக்கி. நாங்க வரோம்."

"அல்வா ஒரு வாயாவது..." என்று ஜுவைனா மூடியைத் திறந்தாள். அதில் என்ன ஊற்றியிருக்கிறது என்று தெரு முனையில் நிற்பவருக்கே தெரிந்திருக்கும்.

உம் ஹுமைத் விறுவிறுவென்று வெளியேறிக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ரய்யா சுவரோடு ஒட்டி நின்று முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள். ஜுவைனாவுக்குத் தன் மூஞ்சியைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. கரியோடேயே வந்து தொலைத்திருக்கக் கூடாதா?

காரை ஓட்டி வந்தவள் அஸீலா. சாவியை மறந்துவிட்டதாகக் கையைக் காட்டிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்தாள். சாவி அவள் கையில்தான் இருந்தது.

"மன்னிச்சுக்கம்மா" என்று ஜுவைனா தொடங்குமுன் அஸீலா அவள் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள்.

"அக்கா, மாமி எந்த வீட்டுக்குப் போனாலும் தெளிக்கிற பன்னீரக் கன்னத்துல தேச்சுக்கிட்டு ராத்திரி வரைக்கும் அசைய மாட்டாங்க, ஒரு வாய் கஹ்வாவோட அவங்கள எழுப்பின வீடு இதுதான்னு கேட்டா, எங்க மாமா இன்னைக்கே நிச்சயத்துக்கு நாள் குறிச்சிடுவார்."