பிளஸ்ஸில் கொழுவிய தண்டு

அன்று பட்டறையில் நின்றவர்கள்: முதலாளி. நிலாவெளியில் இருந்து வந்த கந்தையா மாமா, எனக்குப் பேசியிருந்த பெண்ணின் தகப்பன். அவருடைய மூத்த மகன். பிறகு நான். (புத்தியும் வந்திருக்கலாம். வரவில்லை.)

பட்டறை திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில். தேய்ந்த இயந்திரச் சாமான்களுக்கு மின்சாரம் விட்டுக் குரோமியம் பூசுவோம். தொட்டியில் இருந்து எழும்பும் ஆவி மூக்கைத் தின்னும். பெண் பார்க்கப் போன இடத்தில் தேத்தண்ணிக் கோப்பைக்குள் என் மூக்கு இரத்தம் சொட்டியது. கல்யாணக் கதை அத்தோடு நின்றது.

அந்த வருடம் முதலாளி குரோமியத்தை விட்டார். நிக்கலும் டங்ஸ்டனும் சேர்ந்த பூச்சு, அதே போலத் தேயாது, மூக்கைத் தொடாது என்றார். புதுத் தொட்டி கட்டவே சில மாதம் போயிற்று. இனி அதில்தான் வேலை என்று மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் தன் வள்ளத்து இயந்திரத்தின் தேய்ந்த தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பூச்சு சரியென்றால் பெண் தருவார். தொட்டிக்கும் அதுதான் முதல் சாமான்.

குரோமியத்தில் ஒரு வழக்கம். பூச முதல் சாமானைக் கொஞ்ச நேரம் பிளஸ் கம்பியில் கொழுவுவோம். மேல்தோல் அரிபடும். பிறகு மைனஸுக்கு மாற்றினால் பூச்சு நன்றாகப் பிடிக்கும். புதுத் தொட்டியில் அது கூடாது என்று முதலாளி காலையிலேயே சொன்னார். நான் ஓம் என்றேன். கை ஓம் என்று சொல்லவில்லை. பிளஸ்ஸில் கொழுவியது. முதலாளி மாமா இருக்கக் கதிரை எடுக்கப் போயிருந்தார். மாமா சம்பளம் கேட்டார், குடியிருக்கும் வீடு கேட்டார். நானோ மைனஸுக்கு மாற்ற மறந்து, இந்த வேலையில் என்னை விட்டால் துறைமுகத்தில் ஆள் இல்லை என்று அளந்துகொண்டு நின்றேன்.

தண்டைத் தூக்கினோம். பூச்சைக் காணவில்லை. தண்டிலும் கொஞ்சத்தைக் காணவில்லை. அம்மை விழுந்த முகம் மாதிரிக் குழிகுழியாக இருந்தது. மகன் தண்டோடு கொண்டுவந்திருந்த, அது சுழலும் வளையத்தை மாட்டிப் பார்த்தான். வந்தபோது ஆடியதை விடக் கூட ஆடியது.

"தம்பி, பூசினனீங்களோ, மீனுக்குத் தின்னக் குடுத்தனீங்களோ?" என்றார் மாமா.

முதலாளி புதுத் தண்டு தருவதாகச் சொன்னார். மாமா காதில் விழுத்தவில்லை. என் நாடியைப் பிடித்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, மூக்குக்குள் பார்த்தார். மாட்டுக்குப் பல் பார்ப்பது போலத்தான்.

"தண்டு வேற வாங்கலாம். மூக்கு வாங்க ஏலாது. புண் காய்ஞ்சிட்டுது. கல்யாணத்துக்கு நாளைப் பாருங்கோ."

வீட்டில் யாராவது மெலிந்தால், "அப்பா பிளஸ்ஸில கொழுவிட்டாரோ" என்று இன்றைக்கும் கேட்பார்கள். கேட்கத் தொடங்கியது மனைவி. பிறகு பிள்ளைகள்.

ஐந்து பேர்.