ஆறாவது திருகு

"ஐயா, லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள நான் மட்டும்தான் இருக்கேன். சீக்கிரம் யாரையாவது அனுப்புங்க."

நடுமாடி என்று எல்லாரும் கூப்பிடும் அந்த மனிதர் தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் புத்தகத்தைப் புரட்டினார். பக்கம் முப்பத்தொன்று. பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த வரி கிடைத்தது.

"உங்க உணர்வுக்கு ஒரு பேர் வைங்க," என்றார்.

"பேரா?"

"ஆமா. உங்களுக்குப் பிடிச்ச பேரா வைக்கலாம்."

"யோவ், நான் இங்க மூச்சு முட்டி நிக்கறேன். நீ பேர் வைக்கச் சொல்றியா? உன் மேனேஜர் நம்பரைக் குடு."

அந்த வாரத்தில் மேனேஜர் நம்பரைக் கேட்ட நாலாவது ஆள் அவர்.

நடுமாடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. லிஃப்ட்டுகளைப் பராமரிக்கும் கம்பெனியில் அவருக்கு அவசரத் தொலைபேசி வேலை. கம்பெனி பார்த்துக்கொள்ளும் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும், உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மணி அவர் மேஜையில்தான் அடிக்கும். "எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவுல இருக்கீங்க?" என்று பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு, அந்தப் பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டது.

இந்தப் புத்தகம் வருவதற்கு முன்னால் அவர் தன் பாட்டுக்குப் பேசுவார். "பொத்தான் பலகையில எத்தனை திருகு இருக்கு, எண்ணிச் சொல்லுங்க பார்ப்போம்" என்பார். ஆறு என்று பதில் வரும். "அதுல ஒண்ணு லூசா இருக்குமே" என்பார். கட்டாயம் இருக்கும். "அதைத் திட்டாதீங்க. அதுவும் உங்களை மாதிரிதான், ஆடிக்கிட்டே பிடிச்சுக்கிட்டு நிக்குது" என்பார். அப்புறம் பையில் என்ன இருக்கிறது, வெளியே வந்ததும் முதலில் யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்று விசாரிப்பார். மெக்கானிக் போய்க் கதவைத் திறந்த பிறகும், "கொஞ்சம் இருப்பா, பேசி முடிச்சுட்டு வரேன்" என்று உள்ளேயே நின்றவர்கள் உண்டு.

புதிதாக வந்த மேனேஜர் ஒரு நாள் அந்தப் பேச்சையெல்லாம் பதிவு செய்து கேட்டார். அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்னய்யா இது, அரட்டைக் கச்சேரி மாதிரி இருக்கு. இதெல்லாம் முறையாப் பேசணும். வாழ்க்கைப் பயிற்சியாளர் ஒருத்தங்க வராங்க. மன உறுதிக்கு எட்டு வாரப் பயிற்சி, எல்லாருக்கும் உண்டு. நீங்க தேறினா இந்த நாற்காலி உங்களுக்கு. தேறலைன்னா பதிவு செஞ்ச குரலைப் போட்டுட்டு, உங்களை உதிரிபாக குடோனுக்கு மாத்திடறேன். அமைதியான இடம்."

குடோனில் மணி அடிக்காது. அன்றைக்கே அவர் பயிற்சிக்குப் பேர் கொடுத்தார்.

பயிற்சியாளர் நாற்பது வயதைத் தொடாத பெண்மணி. சிரித்த முகம், பதமான பேச்சு. ஆனால் அவரே எழுதிக் கொடுத்த புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லும் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு நின்றது. 'நிலைப்புள்ளிகளைக் கணக்கிடுதல்' என்றது ஒரு பாடம். 'கைவச வளப் பட்டியல்' என்றது இன்னொன்று. 'அடுத்த வாசல் காட்சி' என்றது மூன்றாவது. இரண்டாம் வாரப் பரீட்சையில் நிலைப்புள்ளியை விளக்கச் சொன்னார்கள். நடுமாடி லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைப் பற்றிப் படத்தோடு மூன்று பக்கம் எழுதினார். பயிற்சியாளர் படத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டார்.

"சார், நீங்க ரொம்ப விறைப்பா இருக்கீங்க. குரல்கூட உங்க குரல் மாதிரி இல்ல. இயல்பா பேசுங்களேன்."

இயல்பாகப் பேசியதற்குத்தான் இங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்ல அவருக்கு நாக்கு துடித்தது. "சரிங்க மேடம். என் உள்வெளியை விரிவாக்கிக்கறேன்," என்று வாசித்தார்.

வீட்டிலும் பயிற்சி நடந்தது.

"என்னங்க, பீரோ சாவியை எங்க வெச்சீங்க?" என்றாள் மனைவி.

"அந்தக் கேள்விக்கு விடை உனக்குள்ளயே இருக்கு."

"எனக்குள்ள இல்ல. உங்க சட்டைப் பையில இருக்கு. தடவிப் பாருங்க."

இருந்தது.

"புத்தகத்தை மொதப் பக்கத்துலேர்ந்து படிச்சாத்தானே புரியும்? நீங்க பத்தாம் பக்கத்துல குதிக்கறீங்க," என்றாள்.

"முன்னாடி இருக்கறதெல்லாம் எழுதினவங்க சொந்தக்காரங்க படிக்கறதுக்கு. பரீட்சைக்கு வராது."

நாலாம் வாரப் பாடம், குறுக்கே பேசாமல் மௌனமாகக் கேட்பது. அடுத்த நாள் லிஃப்ட்டில் மாட்டிய ஒருவர் பேசப் பேச, நடுமாடி மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் கவனித்தார். அந்த மனிதர் பதினேழு தடவை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு, கைபேசியில் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டார். இரண்டு வண்டிகள் மணியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தன.

அதைச் சரிக்கட்ட, ஆறாம் வாரத்தில் தன்னம்பிக்கை வாக்கியத்தை எடுத்தார்.

"கண்ணை மூடிக்கிட்டு, 'நான் அசையாத மலை'ன்னு பத்து தடவை சொல்லுங்கம்மா."

"அசையாததுதானேய்யா இங்க பிரச்சனையே," என்று அந்த அம்மாள் போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

மேனேஜர் நேரில் வந்தார். குடோன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஏழாம் வாரம் பயிற்சியாளர் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். "எந்தப் பயத்தை ரொம்ப நாளா யாருக்கும் தெரியாம வெச்சிருக்கீங்க?" நடுமாடி, "அப்படி ஒண்ணும் இல்லீங்க மேடம்," என்றார்.

இருந்தது. அவர் இந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட லிஃப்ட்டில் ஏறியதில்லை. நியாயமான காரணம்தான். நன்றாக ஓடுகிற லிஃப்ட்டிலிருந்து யார் அவருக்குப் போன் செய்தார்கள்? அவருக்குத் தெரிந்த லிஃப்ட் எல்லாம் நின்றுபோன லிஃப்ட். வகுப்பு நடந்தது கம்பெனி இருந்த அதே கட்டடத்தின் ஏழாவது மாடியில். முட்டிக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு வாராவாரம் படியேறி, வகுப்பின் முதல் கால் மணி நேரம் மூச்சு வாங்குவதிலேயே கழித்தார். அதைப் பயிற்சியாளர் மூச்சுப் பயிற்சி என்று நினைத்துப் பாராட்டியதும் உண்டு.

எட்டாம் வாரம். பத்து மணிக்குக் கடைசிப் பரீட்சை. தரைத்தளத்தில் இருந்த தன் அறையிலிருந்து, எதிர்க் கட்டடத்தில் வேலையாக இருந்த மெக்கானிக்கைக் கைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, போனைப் பார்த்துக்க ஆள் வேணுமே."

"நீங்க கிளம்புங்கண்ணே. அஞ்சு நிமிஷத்துல வந்து உக்காந்துடறேன்."

அஞ்சு நிமிஷத்தில் எந்த லிஃப்ட் நின்றுவிடப்போகிறது என்று கிளம்பினார். படிக்கட்டின் குறுக்கே கயிறு கட்டி, 'பெயின்ட் காயவில்லை' என்று அட்டை தொங்கியது. பத்து மணிக்கு இன்னும் ஆறு நிமிஷம். ஒரு பக்கம் கயிறு. இன்னொரு பக்கம் லிஃப்ட், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவரையே பார்த்தது. பையில் குடோன் சாவி கனத்தது.

நாற்காலியை நினைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய், தடவித் தடவி ஏழாம் பொத்தானை அமுக்கினார். மாடிக்கு ஒரு 'டிங்' கேட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று நினைத்து ஒரு கண்ணைத் திறந்தார். லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

சிவப்புப் பொத்தானை அமுக்கினார். மணி அடித்தது. அந்த மணியை அவர் ஆயிரக்கணக்கான தடவை கேட்டிருக்கிறார். இந்தப் பக்கத்திலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

"எங்கய்யா போய்த் தொலைஞ்சான் போன் எடுக்கற ஆளு?" என்று கத்தினார். கத்தி முடித்த பிறகுதான் அந்த ஆள் யாரென்று ஞாபகம் வந்தது.

உணர்வுக்குப் பேர் வைக்கப் பார்த்தார். ஒரு கெட்ட வார்த்தைதான் வந்தது. "நான் அசையாத ம..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மணி நின்றது. "ஹலோ?" என்றது ஒரு பெண் குரல். பயிற்சியாளர்.

"மேடம்? நீங்க ஏழாவது மாடியில இல்ல?"

"கடைசி வாரம் அவங்கவங்க வேலை செய்யற இடத்துலயேன்னு புத்தகத்துல ஆரம்பத்துலயே போட்டிருக்கே சார். மேனேஜரும் நானும் உங்க ரூமுக்கு வந்தா, போன் அடிச்சுக்கிட்டிருக்கு. நீங்க எங்க இருக்கீங்க?"

"லிஃப்ட்டுக்குள்ள மேடம். நின்னுபோச்சு. எனக்கு மூச்சே வரல. நான் லிஃப்ட்டுல ஏறினதே இல்ல. பொய் சொல்லிட்டேன் மேடம். எனக்குப் பயம்."

"எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவுல?"

"மூணுக்கும் நாலுக்கும்."

பயிற்சியாளர் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. பிறகு பேசியபோது அந்தப் பேச்சில் கோட்டும் இல்லை, டையும் இல்லை.

"சரி. பயந்தா பயந்துட்டுப் போறீங்க, பரவாயில்ல. எதிர்ல பொத்தான் பலகை இருக்கில்ல? அதுல எத்தனை திருகு இருக்கு, எண்ணிச் சொல்லுங்க பார்ப்போம்."

நடுமாடி விரல் வைத்து எண்ணினார். "ஆறு."

"அதுல ஒண்ணு லூசா இருக்குமே?"

"இருக்கு மேடம். ஆறாவது."

"அதைத் திட்டாதீங்க. அதுவும் உங்களை மாதிரிதான், ஆடிக்கிட்டே பிடிச்சுக்கிட்டு நிக்குது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் மூச்சு வந்துபோய்க்கொண்டிருப்பது தெரிந்தது.

"பையில என்ன வெச்சிருக்கீங்க?"

"டிபன் டப்பா. உங்க புத்தகம். குடோன் சாவி."

"வெளிய வந்ததும் மொதல்ல யார்கிட்ட சொல்லுவீங்க?"

"என் வீட்டுக்காரிகிட்ட. நான் லிஃப்ட்டுல ஏறினேன்னு சொன்னா நம்பமாட்டா. நீங்கதான் சாட்சி சொல்லணும்."

அப்படியே பேச்சு வளர்ந்தது. பீரோ சாவிக் கதையைச் சொன்னார். தீயணைப்பு வண்டிக் கதையைச் சொன்னார், மேனேஜர் பக்கத்தில் இருக்கிறார் என்பதை மறந்து. மலைக் கதைக்கு மறுமுனையில் பயிற்சியாளர் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. அதற்குள் எதிர்க் கட்டடத்திலிருந்து வந்த மெக்கானிக், ஓடிவந்த மூச்சோடு பெயின்ட் காயாத படியில் ஏறிப் போய்க் கதவை நெம்பித் திறந்தான். பின்னாலேயே மேனேஜரும் வந்தார், கையெல்லாம் பச்சைப் பெயின்ட்டோடு.

"கொஞ்சம் இரு தம்பி, பேசி முடிச்சுட்டு வரேன்," என்றார் நடுமாடி.

மேனேஜர் அவரைக் கைகொடுத்து வெளியே இழுத்தார்.

"கேட்டீங்களாய்யா? பக்கத்துலயே நின்னு கேட்டேன். பயிற்சி எடுத்தவங்க பேச்சுன்னா இதுதான். எவ்வளவு சுலபமா, எவ்வளவு பிரியமா பேசறாங்க. நீங்களும் இதே மாதிரிப் பேசுங்க, போதும். நாற்காலி உங்களுது. அந்தச் சாவியை இப்படிக் குடுங்க."

நடுமாடி சாவியைக் கொடுத்தார். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்தியது. மெக்கானிக்கை ஓரமாக இழுத்துக் காதருகில் கேட்டார்.

"ஏம்ப்பா, திருகு எண்ணச் சொல்றது, பையில என்னன்னு கேக்கறது, இதெல்லாம் என் பேச்சில்ல? இதைப் போய் இந்தம்மா எங்க கத்துக்கிட்டாங்க?"

மெக்கானிக் பெயின்ட் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் பையிலிருந்த புத்தகத்தை உருவி, இதுவரை திறக்கப்படாத முதல் பக்கத்தைப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"நல்லாப் படிச்சீங்க போங்கண்ணே: 'பதினோரு வருஷத்துக்கு முன்னால், மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில், என்னைத் திருகு எண்ண வைத்த முகம் தெரியாத என் முதல் பயிற்சியாளருக்கு'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே."